களத்து நெல்லும் கடன்சீட்டும்: ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி மில் கொண்ட முடிபு

ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, கும்பினியின் உத்தியோகஸ்தர்களிடம் அவர்களுடைய சொந்த ஹோதாவில் வாங்கியதாகச் சொல்லப்படும் கடன்களின் வரலாறு, சென்னை ராஜதானியின் சரித்திரத்தைப் பயின்றவர்களுக்குப் புதியதன்று. நூற்றுக்கு 36 என்று தொடங்கிய வட்டி 25 ஆகி, 20 ஆகி, 1767-ஆம் ஆண்டுத் தொகுப்புக் கடனில் 10 ஆக இறங்கிய கதையையும், அதன்பின் 1777-இல் குதிரைப்படைக் கடனும் இரண்டாம் தொகுப்புக் கடனும் எழுந்த கதையையும் ஈண்டு விரிக்கவில்லை. இக்கடன்கள் அரசாங்கத்தைக் கைப்பற்றியது எங்கே, எப்போது என்பதொன்றே எனது கேள்வி.

இக்கேள்விக்கு ஜேம்ஸ் மில் தம் இந்திய சரித்திரத்தில் தந்த விடையே இன்றளவும் பெரும்பாலோரால் ஏற்றுக்கொள்ளப்பட்டு வருகிறது. 1785 பிப்ரவரி 28-ஆம் நாள் எட்மண்ட் பர்க் காமன்ஸ் சபையில் நிகழ்த்திய பேருரையைப் பெரிதும் அடியொற்றி, பிட் மந்திரி சபையார் இக்கடன்களை விசாரணையின்றி ஒப்புக்கொண்டது, கடன்காரர்களின் கையிலிருந்த பார்லிமெண்டு ஆதரவைப் பெறும்பொருட்டே என்று மில் துணிகிறார். கடன்காரர்களுள் தலையாயவனான பால் பென்ஃபீல்டு எட்டு அங்கத்தினர்களை உண்டாக்கினான் என்று பர்க் கூறியதே இத்துணிபின் அச்சாணி. இந்தியாவை ஒருநாளும் கண்டறியாதவரும், இந்நாட்டு மொழிகளுள் ஒன்றையும் கல்லாதவரும், அதுவே நடுநிலைக்கு அனுகூலம் என்று முன்னுரையில் வாதித்தவருமாகிய மில்லுக்கு, ஊழலின் பிறப்பிடம் லண்டனாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இம்முடிபு எனக்கு உடன்பாடன்று. 1784-ஆம் ஆண்டுத் தேர்தலின் முடிவில் பிட்டுக்குக் கிடைத்த பெரும்பான்மை நூற்றுக்கு மேற்பட்டது; அத்தகையவர் எட்டு வாக்குகளுக்காக ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டு லட்சம் வராகனை, பர்க்கின் கணக்கில் 4,80,000 பவுனை, எழுதிக்கொடுத்தார் என்றால் அவரை அயோக்கியர் என்பதைவிட அசடர் என்றே சொல்லவேண்டி வரும். வாக்குறுதி தேர்தலுக்கு முன்னரே, வெற்றி நிச்சயமாகாத நாட்களில், தரப்பட்டிருக்கலாம் என்ற ஆட்சேபத்துக்கு இடமுண்டு. அதை முற்றிலும் மறுக்க என்னிடம் பிரமாணம் இல்லை. ஆயினும், லண்டனில் நிகழ்ந்தது ஏற்கெனவே முடிந்துபோன காரியத்துக்கு இட்ட முத்திரையே என்பதற்கு, மில் தாமே வேறோரிடத்தில் சொல்லிவிட்டு இவ்விஷயத்தோடு பொருத்திப் பாராது விட்ட ஒரு நிகழ்ச்சி சான்றாகிறது.

1773-இல் கும்பினிப் படையின் துணையால் நவாப் கைப்பற்றிய தஞ்சை ராஜ்யத்தை, டைரக்டர்களின் உத்தரவுப்படி கவர்னர் பிகட் 1776 ஏப்ரலில் துளஜா மன்னருக்குத் திரும்ப ஒப்புவித்தார். அவர் சென்னைக்கு மீண்டு ஒரு மாதம் ஆவதற்குள், மே மாதக் கடைசியில், ஆண்டுக்குச் சில நூறு பவுன் சம்பளம் வாங்கிய பென்ஃபீல்டு, தஞ்சையின் வருமானத்தின்மீது நவாப் தனக்கு எழுதிக்கொடுத்த ஒப்படைப்புச் சீட்டுகளின் பேரில் 1,62,000 பவுனும், பயிரை ஈடாகக் கொண்டு அந்நாட்டுத் தனிமனிதர்களுக்குத் தான் கொடுத்த வகையில் 72,000 பவுனும், ஆக 2,34,000 பவுன் தனக்கு வரவேண்டும் என்று கோரினான். கோட்டை ஆலோசனைச் சபை முதலில் இதை ஏற்கவில்லை. தனிமனிதர் கடன்களுக்குப் போதிய விளக்கமில்லை என்றும், ராஜாவிடம் முழுப் பாத்தியதையோடு ஒப்புவிக்கப்பட்ட நாட்டில் நவாபின் சீட்டு செல்லாது என்றும் தீர்மானித்தது. சின்னாட்களில் அதே சபை, அதே மேசையைச் சுற்றியமர்ந்து, பெரும்பான்மையால் அத்தீர்மானத்தைப் புரட்டியது. நவாபின் அனுபவத்தில் நாடிருந்த காலத்தில் விதைக்கப்பட்ட பயிர் நவாபின் சொத்து. ஆகவே அதை அவர் பிறருக்கு ஒப்படைக்கலாம் என்பதே புதிய நியாயம்.

'விதைக்கப்பட்ட பயிர்' என்ற இச்சொல்லில் சற்றுத் தங்கவேண்டும். ராஜ்யம் கைமாறியது ஏறத்தாழப் பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் வேளை. குறுவை ஐப்பசியோடு வீடு சேர்ந்துவிடும். சம்பா தையில் அறுவடையாகும். பிந்திய தாளடியும் பங்குனிக்குள் களம் வந்துவிடும். ஆகவே, மே மாத இறுதியில் கோரப்பட்ட 'பயிர்' வயலில் நின்ற பயிராக இருந்திருக்க இயலாது. அது களத்தில் அம்பாரமிட்ட நெல்லாகவோ, சேரில் கொட்டிய நெல்லாகவோ, அளந்தும் அளவாமலும் இருந்த மேல்வாரமாகவோதான் இருந்திருக்கவேண்டும் என்பது என் அனுமானம். மேல்வாரம் என்பது அரசனுடைய பங்கு. புதிதாகப் பட்டத்துக்கு மீண்ட மன்னன் அடுத்த மகசூல் வரையில் படைக்கும் கோயிலுக்கும் ஆற்றுக்கரை மராமத்துக்கும் எதை நம்பியிருந்தானோ அதையே, பயிர் என்ற பெயரால், கோட்டையிலிருந்த ஓர் உத்தியோகஸ்தன் பற்றிக்கொண்டான். காவேரிப் பாசனத்தின் பருவக் கணக்கைக்கொண்டு சபையின் வாசகத்துக்குப் பொருள் காண்பது மிகையோ என்று ஐயுறுவாருக்கு நான் சொல்லக்கூடியது, சபையார் அவ்வாசகத்தை எழுதியபோது எந்த வயலையும் நினைத்து எழுதவில்லை என்பதுதான். நவாபின் கைச்சாத்து எந்நாளில் விழுந்தது, நாடு கைமாறுமுன்னா, பின் தேதியிட்டா என்பதையும் பென்ஃபீல்டின் கோரிக்கையை மட்டும் கொண்டு நிர்ணயிக்க இயலாது.

சபையோரில் பலர் நவாபின் பணவிவகாரங்களில் தாமும் பங்குடையவராயிருந்தனர். கடன் கொடுத்தவனும், கடனுக்கு ஈடான வரியை வசூலிப்பவனும், அவ்வழக்கைத் தீர்க்கும் நீதிபதியும் ஓரிடத்தே கூடியதே இவ்வூழலின் உயிர்நிலை. இதற்கு எட்டு வாக்கும் வேண்டியதில்லை, ஒரு வாக்கும் வேண்டியதில்லை. இடையே நின்ற பிகட்டை அதே ஆண்டு ஆகஸ்டு 24-இல் சிறைபிடித்தனர். அடுத்த மே மாதம் அவர் காவலிலேயே இறந்தார். சிறைபிடித்த நால்வருக்கு 1780-இல் லண்டன் நீதிமன்றம் விதித்த தண்டனை தலைக்கு ஆயிரம் பவுன் அபராதம்!

1784-ஆம் ஆண்டுச் சட்டம் கடன்களின் தோற்றத்தையும் நியாயத்தையும் விசாரிக்குமாறு டைரக்டர்களைப் பணித்தது; அவர்கள் அதற்கேற்ப வரைந்த நகலை, டண்டாஸ் முதன்மை வகித்த கட்டுப்பாட்டு வாரியம் திருத்தி, மூவகைக் கடனையும் ஒப்புக்கொண்டு, நவாபோ பிற கடன்காரரோ ஆட்சேபித்தாலன்றி விசாரணை வேண்டா என்றாக்கியது. இதை மில் ஒரு புதிய சதியாகக் காண்கிறார். எனக்கோ இது 1776-ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் பெரிய எழுத்துப் பிரதியாகவே தோன்றுகிறது; ஆங்கும் சீட்டை ஆராயாமல் சீட்டுக்காரனின் உரிமையே ஆராயப்பட்டது.

கர்நாடகத்தைக் கும்பினி 1801-இல் எடுத்துக்கொண்டபின், 1805-இல் அமைந்த கமிஷன் பிற்காலக் கடன்களைப் பற்றிப் பல்லாண்டு விசாரித்து, மூன்று கோடிப் பவுனுக்கு மேற்பட்ட கோரிக்கைகளுள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே செல்லுமெனக் கண்டது. இதனைக் காட்டிப் பழைய கடன்களும் பொய்யென நாட்டுவோர் உளர். அவ்வாறு நாட்ட நான் துணியேன். 1777-ஆம் ஆண்டுத் தொகுப்புக் கடன் அவ்விசாரணைக்கு உட்பட்டதன்று. அது ஒருநாளும் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. அதன் சீட்டுகளில் எத்தனைக்கு நெல் உண்டு, எத்தனைக்குக் காகிதம் மட்டுமே உண்டு என்பது எண்ணப்படாமலே பணம் கொடுக்கப்பட்டது.