செங்கல் எழுதிய எழுத்து: சதுரக் கூஃபியும் அச்சுருக்களும்

ஈரான் நாட்டுக் கொடியைக் கண்டிராதவர் நம்முள் குறைவு. அதன் பச்சைப் பட்டையின் கீழ் விளிம்பிலும் சிவப்புப் பட்டையின் மேல் விளிம்பிலும் வெண்ணிறத்தில் ஓடும் வரிசையைச் சேலைக்கரை போன்றதோர் அலங்காரமாக எண்ணிக் கடந்துவிடுவோரே மிகுதி. உண்மையில் அது 'அல்லாஹு அக்பர்' என்னும் தக்பீர். மேலே 11, கீழே 11 என 22 முறை எழுதப்பட்டுள்ளது. 1979-ஆம் ஆண்டுப் புரட்சி வெற்றி கண்ட நாள், பாரசீக நாட்காட்டியின் பஹ்மன் மாதம் 22-ஆம் நாள் என்பதை அவ்வெண்ணிக்கை நினைவூட்டுகிறது. ஈராக்கின் கொடியிலும் தக்பீர் உண்டு. 1991-இல் கையெழுத்து வடிவில் சேர்க்கப்பட்ட அது, 2004-இல் கூஃபி வடிவுக்கு மாற்றப்பட்டது. அரசியலில் எதிரெதிர் நின்று போரிட்ட இரு நாடுகள், தம் கொடியில் இறைவனின் பெருமையை எழுத ஒரே எழுத்து மரபை நாடியிருப்பது நம் கவனத்துக்குரியது.

கூஃபி என்னும் பெயர், ஹிஜ்ரி 17-இல் (கி.பி. 638) அமைக்கப்பட்ட கூஃபா நகரைச் சுட்டுவது. ஆயினும் நேர்கோடும் கோணமும் மிகுந்த தொன்மையான அரபு எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் பிற்காலத்தார் வழங்கிய பொதுப்பெயராகவே இதனைக் கொள்ள வேண்டும். இவை யாவும் ஒரே நகரில் பிறந்தன என்பதற்கில்லை. ஹிஜ்ரி 72-இல் (கி.பி. 691-692) ஜெரூசலத்தில் எழுப்பப்பட்ட 'குப்பத்துஸ் ஸக்ரா'வின் உட்புறத்தில், சுமார் 240 மீட்டர் நீளத்துக்குப் பொன்னிற மொசைக்கில் ஓடும் இறைவசனங்கள் இத்தகைய கோண எழுத்தின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. அகலவாக்கில் வெட்டிய தோல் ஏடுகளில் எழுதப்பெற்ற முற்காலத் திருக்குர்ஆன் பிரதிகளும் இம்மரபைச் சார்ந்தவையே.

ஏட்டில் வளர்ந்த இவ்வெழுத்தைக் கட்டடக் கொத்தர் கையில் எடுத்தபோது பிறந்ததே சதுரக் கூஃபி. இதனைப் பாரசீகத்தில் 'பன்னாயி' என்பர். 'பன்னா' என்றால் கொத்தர். ஆகவே இது கொத்தர் எழுத்து. மெருகூட்டாத செங்கற்களுக்கிடையே நீலமோ கருநீலமோ பூசிச் சுட்ட கற்களைப் பதித்துச் சுவரிலேயே சொல்லை எழுதினர். செங்கல்லுக்கு வளைவு தெரியாது. எனவே எழுத்தும் வளைவைக் கைவிட்டது. கோட்டின் தடிமனும் இரு கோடுகளுக்கு இடையிலுள்ள வெளியின் அகலமும் சமமாயிருக்க வேண்டும் என்பது இதன் முதன்மையான விதி. எழுத்து எது, பின்னணி எது எனக் கண் தடுமாறுவதற்கு இச்சமன்பாடே காரணம். புள்ளிகள் பெரும்பாலும் விடுபட்டுவிடும். ஒரு சொல் சதுரத்தின் ஓரத்தை அடைந்ததும் மூலையில் திரும்பி அடுத்த பக்கத்தில் தொடரும். 'முஹம்மத்' என்னும் திருநாமம் ஒரு நடுப்புள்ளியைச் சுற்றி நான்கு முறை சுழல்வதை இத்தகைய சுவர்களில் பரக்கக் காணலாம்.

ஆப்கானிஸ்தானின் கஸ்னியில், சுல்தான் மூன்றாம் மஸ்ஊத் (ஆட்சி 1099–1115) எழுப்பிய மினாரா இன்றும் நிற்கிறது. அதன் மேற்பகுதி 1902-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. எஞ்சிய அடிப்பகுதியின் நட்சத்திர வடிவப் பக்கங்களிலுள்ள சதுரக் கூஃபிப் பலகங்கள் இவ்வகையில் மிகப் பழையனவாக மதிக்கப்படுகின்றன. கஜகஸ்தானின் துர்கிஸ்தான் நகரில் கோஜா அஹ்மத் யஸவி அவர்களின் அடக்கத்தலத்தை தைமூர் 1389-இல் கட்டத் தொடங்கினார். 1405-இல் அவர் மறைந்ததால் அது முற்றுப்பெறவில்லை. அதன் நெடிய சுவர்களை முழுவதும் போர்த்தியுள்ள வடிவங்களைத் தொலைவில் நின்று நோக்கினால் பாய்ப்பின்னல். நெருங்கி வந்து படிக்கத் தெரிந்தவருக்கோ அவை இறைநாமங்களும் புகழ்ச்சொற்களுமாகும்.

இதற்கிணையாக இன்னொரு கணிதமும் வளர்ந்தது. அப்பாஸிய கலீபாக்கள் மூவருக்கு வஸீராகப் பணியாற்றி, அரசியல் சூழ்ச்சியில் வலக்கை வெட்டப்பட்டு, 940-இல் சிறையில் மாண்ட இப்னு முக்லா, எழுதுகோல் முனை பதிக்கும் சாய்சதுரப் புள்ளியையே அளவுகோலாகக் கொண்டார். அலிஃப் இத்தனை புள்ளி உயரம். அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்துக்குள் பிற எழுத்துகளின் வளைவுகள் அடங்கும். நஸ்க் போன்ற வளைந்த எழுத்துகள் நூல்களை ஆண்டதற்கு இவ்வொழுங்கே அடித்தளம். கூஃபி படிப்படியாகத் தலைப்புகளுக்கும் சுவர்களுக்கும் ஒதுங்கியது.

அச்சுக்கலை வந்தபோது இவ்வளைவே இடராயிற்று. அரபின் 28 எழுத்துகளுள் 22, சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப நான்கு வடிவம் கொள்வன. கூட்டெழுத்துகளும் உயிர்க்குறிகளும் வேறு. 1537-38-இல் வெனிஸ் நகரில் பகானினி குடும்பத்தார் அச்சிட்ட திருக்குர்ஆன் எழுத்துப் பிழைகளால் பயனற்றுப் போயிற்று. அதன் ஒரே பிரதி 1987-இல்தான் அந்நகரின் துறவியர் மடமொன்றின் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. முஸ்லிம்கள் அச்சை வெறுத்தனர் என்று மேலை நூலார் எளிதாக எழுதிச் செல்வதுண்டு. அவர்கள் முன் வைக்கப்பட்ட அச்சு எத்தகையது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். இஸ்தான்பூலில் இப்ராஹீம் முதஃபர்ரிகாவின் முதல் நூல் 1729-இல் வெளிவந்தது. கெய்ரோவின் பூலாக் அச்சகம் 1820-இல் நிறுவப்பட்டு, 1906-இல் புதுக்கி வார்த்த அச்சுருக்களால் 1924-ஆம் ஆண்டின் புகழ்மிக்க கெய்ரோ முஸ்ஹஃபைக் கோத்தது. ஈயத்தில் நஸ்கின் அழகு முழுமையாகக் கைகூடியது அப்போதுதான் என்பது நம் எண்ணம்.

கட்டங்களில் பிறந்த கூஃபிக்குக் கணினித் திரை அந்நியமன்று. அதுவும் கட்டங்களால் ஆனதே. ஆகவே இன்று கூகுளின் 'நோட்டோ கூஃபி அரபிக்' முதலாகக் கூஃபியைத் தழுவிய எழுத்துருக்கள் பல கிடைக்கின்றன. வரைகலைஞர் அவற்றை 'அலங்கார எழுத்துரு', 'வடிவியல் எழுத்துரு' என்னும் அடுக்குகளில் வைத்துப் பயன்படுத்துகின்றனர். ஆனால் எழுத்துரு கொண்டுவருவது கூஃபியின் கோணத்தை மட்டுமே. சுவரிலிருந்த சதுரக் கூஃபியில் ஒவ்வொரு எழுத்தும் தன் அண்டை எழுத்துக்காக நீண்டும் குறுகியும் மடங்கியும் இடம் கொடுத்தது. அத்தொகுப்பு ஒவ்வொரு முறையும் புதிதாக வரையப்பட்டதேயன்றி, விசையைத் தட்டிப் பெறப்பட்டதன்று. சிரியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்துவரும் எழுத்துக்கலைஞர் மஃமூன் சக்கால் சதுரக் கூஃபியையே முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அவர் எழுத்துருக்களையும் வடிவமைத்தவர். சதுரக் கூஃபியைக் கையால் தொகுத்தவரும் கூட.

நம் முன்னோர் அரபுத்தமிழை எழுதியபோது, தமிழுக்கேயுரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளி முதலிய குறிகளைக் கூட்டினர். புள்ளியைத் துறக்கும் சதுரக் கூஃபியில் அரபுத்தமிழ் நூலொன்றை எழுதினால் ஒருவராலும் வாசிக்கவியலாது. தக்பீரையும் திருநாமங்களையும் புள்ளியின்றி வாசிக்க முடிவது அவை நெஞ்சில் முன்பே பதிந்திருப்பதால். அரபுத்தமிழ் நூல்களுக்குக் கல்லச்சு நன்கு பொருந்தியதும் இதனால்தான். எழுதுவோர் கையிலிருந்த புள்ளி அப்படியே தாளுக்கு வந்தது.

இன்று நம் ஊர்த் திருமண அழைப்பிதழ்களில் பிஸ்மியைக் காண்கையில் சில வேளை மனம் நோகிறது. அரபுக்கென அமைக்கப்படாத மென்பொருளில் ஒட்டப்பட்டதால் பாவும் ஸீனும் மீமும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே நிற்கும். சில தாள்களில் இடமிருந்து வலமாகத் தலைகீழாயும் ஓடும். இவற்றை அச்சிடுவோர் பலருக்கு அரபு தெரியாது, அவர்மீது குறையில்லை. சரிபார்ப்புத் தாளில் கையொப்பமிட்டு அனுப்புவோர், சிறுவயதில் மத்ரஸாவில் அலிஃப், பா ஓதிய நாம்தாம். மணமக்களின் பெயரிலோ மண்டபத்தின் முகவரியிலோ ஓரெழுத்துப் பிசகினால், அதே தாளைத் திருப்பியனுப்பி மீண்டும் அச்சிடச் சொல்கிறோம்.