இமையை அளந்த கதை

சிங்கப்பூரின் கிராஞ்சி, தூக்கம் குறைந்தவர்கள் கடந்துபோகும் இடம். 1924-இல் ஜொகூர் கடற்பாலம் திறக்கப்பட்டதிலிருந்து உட்லண்ட்ஸ் சாலைக்கு ஓய்வு என்பது அபூர்வம். 1942 ஜனவரி இறுதியில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தைத் தகர்த்தபோது வந்த அமைதியும் சில நாள்தான். பத்தே நாளில் கிராஞ்சிக் கரையில் ஜப்பானியர்கள் இறங்கிவிட்டார்கள். இன்று பொழுது விடியும் முன்பே மலேசியாவின் ஜொகூரிலிருந்து 170-ஆம் எண் பேருந்தும் மஞ்சள் நிற சிடபிள்யூ1 பேருந்தும் கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஆட்களை இறக்குகின்றன. பக்கத்துத் தங்கும் விடுதிகளிலிருந்து தமிழ்நாட்டு, வங்காளதேச ஊழியர்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் கிளம்புகின்றன. அந்த லாரிகளை ஓட்டுபவர்களில் பலர் பகல் முழுக்க வேலைத்தளத்தில் உடலுழைப்பும் செய்பவர்கள்.

இவர்களின் கண்ணை யார் பார்ப்பது? 2023 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் அதற்கு ஒரு விதி இருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்த ஓட்டுநர், ஊழியர்களை ஏற்றிச்செல்லும் முன் 30 நிமிடமாவது ஓய்வெடுக்க வேண்டும். ஓட்டுநர் விழிப்புடன் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள லாரியில் ஒரு துணையாளையும் முதலாளி நியமிக்க வேண்டும்.

நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. கிளீனர் என்றாலே அந்தத் துணையாள்தான். டயரைத் தட்டிப் பார்ப்பதும் கண்ணாடி துடைப்பதும் பகல் வேலை. இரவில் அவருடைய பெரிய வேலை பேச்சுக் கொடுப்பது, பாட்டை மாற்றுவது, ஓட்டுநரின் இமை கனப்பதைக் கவனிப்பது. “அண்ணே, கண்ணு சொருகுது, ஓரங்கட்டுங்க” என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அந்தப் பார்வையைக் கருவிக்குக் கற்றுக்கொடுக்கத்தான் ஆய்வாளர்கள் இத்தனை காலம் பாடுபட்டார்கள்.

முதலில் அவர்கள் தேடியது விழியை. இமை வெறும் இடைஞ்சல். 1898-இல் அமெரிக்காவில் எட்மண்ட் ஹ்யூயி, பாரிஸ் சாந்தில் செய்த சிறு கிண்ணத்தை விழிமேல் பொருத்தி, அதிலிருந்து ஒரு அலுமினிய முள்ளை நீட்டி, வாசிப்பவரின் கண் அசைவைப் பதிந்தார். 1901-இல் ரேமண்ட் டாட்ஜும் தாமஸ் கிளைனும் கண்ணைத் தொடாமலே வேலையை முடித்தார்கள். கருவிழியில் பட்டுத் திரும்பும் ஒளி, மேலிருந்து இறங்கும் புகைப்படத் தகட்டில் கோடாக விழுந்தது. இமை மூடினால் கோடு அறுந்தது.

அந்த அறுந்த இடத்துக்கும் பொருள் உண்டு என்பது நெடுஞ்சாலை விபத்துகளை ஆராய்ந்தபோது உறைத்தது. 1994-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் வால்டர் வியர்வில்லும் அவருடைய குழுவினரும் பெர்க்ளோஸ் என்ற அளவை வகுத்தார்கள். கண்மணியில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ இமையால் மறைந்திருக்கும் நேரம், மொத்த நேரத்தில் எவ்வளவு என்பதே அது. சாதாரண இமைப்பு அரை நொடிகூட நீடிக்காது, அதனால் கணக்கில் சேராது. மெல்லச் சரிந்து அங்கேயே தங்கும் இமைதான் சேரும். பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் டிங்கஸ் இரவெல்லாம் விழித்திருந்த தன்னார்வலர்களை வைத்துச் சோதித்தார். பரிசீலித்த அளவுகளில் கவனம் சிதறும் கணங்களோடு நன்றாகப் பொருந்தியது இதுவே. அப்போதும் காணொளியைப் பார்த்து மதிப்பெண் போட்டவர்கள் மனிதர்கள்தான்.

அந்த வேலையைத் தானியங்கியாக்கிய கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கருவியின் உத்தி அழகானது. 850 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைக் கண்ணின் பின்புறம் திருப்பி அனுப்புவதால் கண்மணி பளிச்சென்று தெரியும். 950 நானோமீட்டர் ஒளியைக் கண்ணுக்குள் உள்ள நீர் பெருமளவு விழுங்கிவிடும். ஒரு படத்திலிருந்து மற்றதைக் கழித்தால் இருட்டில் மிஞ்சுவது கண்மணி மட்டுமே. இரவில் அது கச்சிதம். பகல் வெயிலிலும் மூக்குக் கண்ணாடியிலும் தடுமாறியது.

2016-இல் பிராகைச் சேர்ந்த தெரேசா சோகுபோவாவும் யான் செக்கும் சாதாரணக் கேமராவே போதும் என்று காட்டினார்கள். கண்ணைச் சுற்றி ஆறு புள்ளிகள். இரண்டு செங்குத்துத் தூரங்களைக் கூட்டி, கிடைத் தூரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். கண் திறந்திருக்கும்வரை எண் ஏறக்குறைய நிலையாக நிற்கும், மூடினால் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். ஒற்றைப் படத்தை நம்பினால் ஏமாற்றும் என்பதால், முன்னும் பின்னும் ஆறு ஆறு படங்களைச் சேர்த்து 13 படங்களாகப் பார்த்தார்கள்.

இத்தகைய கருவிகள் இப்போது சாலைக்கும் வந்துவிட்டன. சிங்கப்பூரில் எஸ்பிஎஸ் டிரான்சிட் நிறுவனம் தன் பேருந்துகளில் ‘கோல்டன் ஐ’ என்ற களைப்பறியும் கருவியைப் பொருத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய வாகனங்களுக்கும் தூக்கக் கலக்க எச்சரிக்கை கட்டாயம்.

ஆனால் சீனர், மலாய்க்காரர், தமிழர், வங்காளி எல்லோரும் வண்டி ஓட்டும் ஊரில் எந்த இமையை அளவுகோலாக வைப்பது? 2016-இல் நியூசிலாந்தின் கடப்பிதழ் இணையத்தளம், ஆசிய வம்சாவளி மாணவர் ஒருவரின் படத்தைக் கண் மூடியிருக்கிறது என்று நிராகரித்தது. அவர் கண் நன்றாகத் திறந்தே இருந்தது. கீழே வேகமானியைப் பார்த்தாலும் மேலிமை விழியோடு இறங்கும். அதைத் தூக்கம் என்று எண்ணிக் கருவி அலறினால், நாலாம் முறை ஓட்டுநர் அதைப் பொருட்படுத்த மாட்டார். அவரவர் விழிப்போடு இருக்கும்போது எடுத்த அளவையே அவரவருக்கு அடிப்படையாக வைப்பதுதான் முறை. எல்லோருக்கும் ஒரே எண் வைப்பது தவறு.

கருவி சரியாக வேலை செய்தாலும் இமை சரிந்த பிறகே அது பேசும். தூக்கத்தை அது தராது. கிராஞ்சியில் லாரி வைத்திருக்கும் முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த 30 நிமிடத்தைக் காகிதத்தில் மட்டும் கொடுக்காமல், படுக்க நிழலும் பாயும் கொடுங்கள். வண்டியை ஓரங்கட்டச் சொன்ன துணையாளுக்கு அன்றைய சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.