பேர் வைக்காத தங்கச்சி

1954-ல் எனக்கு ஆறு வயது. அம்மாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, விடியுமுன் இறந்துவிட்டது. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்கச் சபையின் சட்டம். மருத்துவச்சிக்கும் அது தெரியும். ஆனால் அன்று அம்மா பிழைப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்தப் பதற்றத்தில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

ஞானஸ்நானம் இல்லாததால் பிள்ளைக்குப் பேரும் இல்லை, கல்லறைத் தோட்டத்துக்குள் இடமும் இல்லை. மதிலுக்கு வெளியே ஒரு உடைமரத்தடியில் அப்பா புதைத்துவிட்டு வந்தார். அம்மா 1996-ல் சாகும்வரை, வருடத்துக்கு ஒரு முறையாவது என்னிடம் கேட்பாள்: "ஏய்யா, அந்தப் பிள்ளை எங்க போயிருக்கும்?"

முப்பத்தோரு வருடம் சரித்திரப் பாடம் நடத்திய எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, இது எங்கள் வீட்டுக் கேள்வி மட்டுமல்ல, எங்கள் முத்துக்குளித்துறைக் கரையின் பழைய கேள்வி என்று புரிந்தது.

எங்கள் கரையில் தண்ணீர்தான் முதலில் வந்தது, உபதேசம் பிறகுதான் வந்தது. 1535 முதல் 1537 வரை, முத்துக்குளிப்புத் தகராறில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர்கள் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். சுமார் 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஜெபம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1542-ல் சவேரியார் வந்துதான், ஆள் வைத்துத் தமிழில் ஜெபங்களை மொழிபெயர்த்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்கிறார். அந்த வருடக் கடைசியில் திருவிதாங்கூர் கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் கொடுத்ததாக அடுத்த கடிதத்தில் எழுதுகிறார். ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்து, சாகக் கிடக்கும் பச்சைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பையும் அவரிடம் விட்டார்.

ஏன் இத்தனை அவசரம்? அதற்கு ஆயிரம் வருடம் பின்னால் போக வேண்டும். தண்ணீராலும் ஆவியாலும் பிறக்காதவன் தேவனுடைய ராச்சியத்தில் நுழைய முடியாது என்பது யோவான் சுவிசேஷத்தில் உள்ளது. இதை வைத்து அகுஸ்தீனார், ஜென்மப் பாவம் கழுவப்படாத குழந்தைகளுக்கு மோட்சம் இல்லை, தண்டனை உண்டு, ஆனால் மிக லேசானது என்றார். பிற்கால வேதசாஸ்திரிகளுக்கு அது மனது கேட்கவில்லை. வேதனையும் இல்லாத, மோட்சமும் இல்லாத ஓர் இடத்தைச் சொன்னார்கள். அதுதான் லிம்போ. சவேரியார் படித்த படிப்பு இதுதான்.

அவரும் கல்நெஞ்சர் அல்ல. ஜப்பானில் புதிதாகக் கிறிஸ்தவரானவர்கள், "செத்துப்போன எங்கள் தாய் தகப்பனுக்கு மீட்சி உண்டா?" என்று கேட்டார்கள். இல்லை என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. அவர்கள் அழுததையும், அதைப் பார்த்துத் தனக்கும் வருத்தமாக இருந்ததையும் 1552-ல் எழுதியிருக்கிறார். அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அம்மா முகம்தான் வந்தது.

ஆனால் சபை ஆரம்பத்திலிருந்தே ஒரு கதவைத் திறந்தும் வைத்திருந்தது. சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளனுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? ஏரோது வெட்டிய பெத்லகேம் குழந்தைகளுக்கு டிசம்பர் 28-ல் திருநாளே கொண்டாடுகிறோம். விசுவாசத்துக்காகச் சிந்திய இரத்தமே ஞானஸ்நானம் என்றார்கள். 392-ல் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த வாலன்டீனியன் என்ற ரோமைப் பேரரசனின் அடக்கத்தில், அவன் அதை ஆசைப்பட்டுக் கேட்டதே போதும் என்று அம்புரோசியார் பிரசங்கம் செய்தார். 1547-ல் திரெந்து சங்கமும் "அல்லது அதற்கான ஆசை" என்று சேர்த்துக்கொண்டது.

பிரச்சினை என்னவென்றால், ஒரு நாள் பிள்ளைக்கு ஆசைப்படத் தெரியாது. இரத்தம் சிந்தவும் இல்லை. எங்கள் தங்கச்சி எந்தக் கணக்கிலும் வரவில்லை.

கணக்கு மெல்ல மாறியது. 1969-ல் வந்த புதிய அடக்கச் சடங்கில் ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கும் ஜெபம் சேர்த்தார்கள். 1992-ன் மறைக்கல்வி நூல், அந்தப் பிள்ளைகளைத் தேவ இரக்கத்தில் ஒப்படைக்கச் சொன்னது. தேவன் மீட்பை ஞானஸ்நானத்தோடு கட்டியிருக்கிறார், ஆனால் அவர் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்றும் அதில் இருக்கிறது. 2007-ல் பாப்பரசர் 16-ம் ஆசீர்வாதப்பர் அனுமதியோடு சர்வதேச இறையியல் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. லிம்போ என்பது சபையின் விசுவாச சத்தியம் அல்ல, அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்றது. நிச்சயம் என்று சொல்லவில்லை. நம்பலாம் என்றது. அதற்காக ஞானஸ்நானம் தேவையில்லை என்றும் சொல்லவில்லை.

இதைப் படித்தபோது அம்மா போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. சொல்ல ஆள் இல்லை. அன்று மதிலுக்கு வெளியே இடம் காட்டியவர்கள் மேலும் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவர்களும் படித்ததைத்தான் செய்தார்கள்.

அந்த உடைமரம் இப்போது இல்லை. கல்லறைத் திருநாளன்று அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மதிலுக்கு வெளியேயும் ஒன்று வைத்துவிட்டு வருகிறேன். காற்றில் அது நிற்பதில்லை. இருந்தாலும் வைக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பேர் வைக்காத ஒரு பிள்ளை இருந்து, அதைப் பெற்ற கிழவி இன்னும் உயிரோடு இருந்தால், தயவுசெய்து இந்த 2007 சமாச்சாரத்தை அவளிடம் சொல்லிவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.