பிறின்ஸ் எட்வேட் கவுண்டியின் இரு பாடசாலைகள்: ஒப்பீடும் சமத்துவமும்

பாடசாலைகளை ஒப்பிட முற்படுவோர் பெரும்பாலும் எண்ணக்கூடியவற்றையே எண்ணுவர். கட்டடம், ஆய்வுகூடம், நூலகம், ஆசிரியர் தொகை என்பன அவற்றுட் சில. இத்தகைய கணக்கெடுப்பு இன்றியமையாததே. ஆயினும் அது எதனைக் காட்டும், எதனை மறைக்கும் என்பது சிந்தனைக்குரியது. ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள பிறின்ஸ் எட்வேட் கவுண்டியின் இரு உயர்நிலைப் பாடசாலைகளது வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

கவுண்டி என்பது மாநிலத்துக்குட்பட்ட உள்ளூராட்சி அலகாகும். புகையிலைச் செய்கை மேலோங்கியிருந்த இக்கிராமப்புறக் கவுண்டியிற் பாடசாலைகளுக்கான உள்ளூர் வரிப்பணத்தை ஒதுக்கும் அதிகாரம் மேற்பார்வையாளர் சபையிடம் இருந்தது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் வெவ்வேறு பாடசாலைகள் இருத்தல் வேண்டுமென 1902ஆம் ஆண்டின் வேர்ஜீனிய அரசியலமைப்பு விதித்திருந்தது. வசதிகள் சமமாயின் பிரித்துவைத்தல் குற்றமன்று என்பது 1896இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கோட்பாடாகும்.

நடைமுறையில் அச்சமத்துவமேனும் காணப்படவில்லை. கவுண்டியின் தலைமை நகரான பாம்விலில் வெள்ளை மாணவருக்குப் பாம்வில் உயர்நிலைப் பாடசாலையும், கறுப்பின மாணவருக்கு றொபேட் றஸா மோட்டன் உயர்நிலைப் பாடசாலையும் இருந்தன. முன்னையதில் உடற்பயிற்சிக் கூடமும் உணவுச்சாலையும் இருந்தன; பின்னையதில் இரண்டும் இல்லை. 1939இல் ஏறத்தாழ 180 மாணவருக்கெனக் கட்டப்பட்ட மோட்டனில் 1951 அளவில் 450க்கு மேற்பட்டோர் பயின்றனர். புதிய கட்டடம் கோரிய பெற்றோருக்குக் கிடைத்தவை, தார் பூசிய தாளாற் போர்த்தப்பட்ட மரக் கொட்டகைகளே. மழைக்கு அவை ஒழுகின; குளிர்காலத்தில் அடுப்பருகே இருந்தோர் வெப்பத்தாலும் அப்பால் இருந்தோர் குளிராலும் வருந்தினர். வெள்ளை மாணவருக்குக் கற்பிக்கப்பட்ட பௌதிகம், உலக வரலாறு, இலத்தீன் ஆகியன மோட்டனின் பாடத்திட்டத்தில் இடம்பெறவில்லை.

1951 ஏப்பிரல் 23ஆம் திகதி, பதினாறு வயது மாணவி பாபறா ஜோன்ஸ் தலைமையில் மோட்டன் மாணவர் பகிஷ்கரிப்பில் இறங்கினர். அதிபரைப் பொய்யான தொலைபேசி அழைப்பொன்றினால் வெளியே அனுப்பிவிட்டு, மண்டபத்திற் கூட்டம் கூட்டி அவர்கள் இம்முடிவை எடுத்தனர். அவர்கள் முதலிற் கேட்டது நல்ல கட்டடமே. உதவி நாடப்பட்ட சட்டத்தரணிகளான ஒலிவர் ஹில், ஸ்பொட்ஸ்வூட் றொபின்சன் ஆகியோரோ, பிரிவினையையே எதிர்ப்பதாயின் மட்டும் வழக்காட முன்வந்தனர். மாணவரும் பெற்றோரும் உடன்பட, மே மாதம் 117 மாணவர் சார்பில் வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது. கோரிக்கை கட்டடத்திலிருந்து உரிமைக்கு மாறிய கட்டம் இதுவேயாகும்.

1952இல் றிச்மண்டில் இதனை விசாரித்த சமஷ்டி நீதிமன்றம் கட்டடம், பாடத்திட்டம், போக்குவரத்து ஆகியவற்றில் ஏற்றத்தாழ்வு உண்டெனக் கண்டு, அவற்றைச் சமப்படுத்தப் பணித்தது. பிரிவினையை மாத்திரம் நிலைநிறுத்தியது. 1953இற் கறுப்பின மாணவருக்குப் புதிய கட்டடமும் திறக்கப்பட்டது. எண்ணிக்கையே அளவுகோலாயின் வழக்கு அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் இவ்வழக்கும் இணைந்திருந்த பிறவுண் வழக்கில், 1954 மே 17இல் உயர் நீதிமன்றம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. புறவசதிகள் சமமாயினும், இனத்தின் பேராற் பிரித்துவைத்தல் தன்னளவிலேயே சமத்துவமின்மையாகும் என்பது அதன் முடிபு.

அம்முடிபின் உண்மையை அடுத்த கட்டம் துலக்கமாக்கியது. பாடசாலைகளை இருசாராருக்கும் பொதுவாக்குமாறு நீதிமன்றம் வற்புறுத்தவே, 1959இல் மேற்பார்வையாளர் சபை பொதுப் பாடசாலைகளுக்கான பணத்தை ஒதுக்க மறுத்தது. அவை யாவும் மூடப்பட்டன. ஏட்டளவில் இருசாராரும் சமமாயினர். எவருக்கும் பொதுப் பாடசாலை இல்லை. எனினும் வெள்ளை மாணவருட் பெரும்பாலோர் புதிதாக நிறுவப்பட்ட தனியார் பாடசாலைக்குச் சென்றனர். மாநிலத்தின் கல்வி மானியமும் கவுண்டியின் வரிச் சலுகையும் காலப்போக்கில் அதற்குத் துணைநின்றன. கறுப்பினச் சிறுவரிற் சிலர் தூரத்து உறவினர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். சிலர் தேவாலயங்களில் நடந்த சிறு வகுப்புகளிற் கற்றனர். பலர் கல்வியையே இழந்தனர். 1963இல் தனியார் நன்கொடையால் இலவசப் பாடசாலைகள் திறக்கப்படும்வரை இந்நிலை நீடித்தது. இனத்தின் காரணமாகப் பொதுப் பாடசாலைகளை மூடித் தனியார் பாடசாலைகளுக்கு உதவுதல் அரசியலமைப்புக்கு முரணென 1964 மே 25இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே பொதுப் பாடசாலைகள் மீண்டும் திறந்தன.

வழக்கில் வென்ற சமூகமே நான்காண்டுக் கல்வியை அதன் விலையாகச் செலுத்தியது. 2003இல் அத்தலைமுறையினருக்குக் கௌரவச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. இழந்த வகுப்பறையை அவை மீட்டுத்தரமாட்டா.

இவ்வரலாறு கணக்கெடுப்பை வீணென்று கூறவில்லை. கொட்டகைகளையும் இல்லாத ஆய்வுகூடங்களையும் எண்ணியதனாலேயே அநீதி வெளிப்பட்டது. ஆயின் ஏற்றத்தாழ்வை உருவாக்கிய அதிகாரம் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. பாடசாலைகளை ஒப்பிடுவோர் அவற்றில் என்ன உண்டு என்று கேட்பதோடு அமையாது, அவற்றைத் திறக்கவும் மூடவும் வல்லவர் யாவர் என்றும் கேட்டல் வேண்டும்.