நல்லாற்றங்கரையில் நீர்ப் பாடம்

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையே நல்லாற்றங்கரையில் அமைந்த ஊர் திருமுருகன்பூண்டி. சுந்தரர் பாடிய தலம், கற்சிற்பிகளின் ஊர். மழை மறைவுப் பகுதி என்பதால், இந்த ஆறு இயல்பாக மழைக்காலத்தில்தான் பெருகும். அந்த வெள்ளத்தைக் குளம் குட்டைகளில் தேக்கி ஆண்டு முழுவதும் கிணறுகளில் ஊறச் செய்வதே இங்குள்ள பழைய நீர் நிர்வாகம். கீழே, திருப்பூர் அருகே நல்லாற்று நீர் சேரும் குளத்தை நஞ்சராயன் என்ற அரசர் செப்பனிட்டதாகச் சொல்வார்கள். குளத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

திருப்பூரில் பனியன் தொழில் வளர்ந்தபோது இந்த ஒழுங்கு குலைந்தது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். ஆனால் உப்பு துணியில் தங்காது; அலசும் நீரோடு முழுவதும் வெளியேறிவிடும். சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் கலக்க, பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமானது. கரையோரக் கிணறுகள் உப்பாயின. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகே சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் உறுதியாக வேரூன்றின. இன்று வடித்த நீர் மீண்டும் சாயத் தொட்டிக்கே போகிறது. பிரித்தெடுத்த உப்பும் அப்படியே. பெரியவர்களுக்கு நீரின் அருமையை உணர்த்தியதில் எந்த விழிப்புணர்வுப் பேரணியையும்விட இந்தத் தீர்ப்புக்கே பங்கு அதிகம்.

வீடுகளுக்கான பாடமும் சட்டமாகவே வந்தது. 2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. மொட்டைமாடிக் குழாயிலிருந்து கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழிக்கு மழைநீர் இறங்குவதைப் பள்ளி வளாகத்திலேயே குழந்தைகள் பார்க்க முடிந்தது. படம் வரைந்து விளக்குவதைவிட அது மேல்.

நஞ்சராயன் குளம் இன்று பறவைகள் சரணாலயம். பட்டைத்தலை வாத்து இமயத்தைக் கடந்து வந்து இறங்கும் நீர்நிலைகளில் இதுவும் ஒன்று. குளத்தில் நீர் நின்றால் யாரெல்லாம் வாழ்கிறார்கள் என்பதைக் குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வகுப்பறை இந்த வட்டாரத்தில் இல்லை. 2024 ஆகஸ்டில் இது ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதே மாதம் 17-ஆம் தேதி, பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின், அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் தொடங்கியது. பவானி ஆற்றின் உபரிநீர் 1.5 டி.எம்.சி. அளவுக்கு நீரேற்றப்பட்டு, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது அதன் ஏற்பாடு.