காத்திருந்த மிம்பர்: தச்சுக்கலை நமக்கு விட்டுச்சென்ற பாடம்

இஸ்லாமிய வரலாற்றை நாம் பெரும்பாலும் மன்னர்கள், போர்கள், அறிஞர்கள் ஆகியோரின் வழியாகவே படிக்கிறோம். உளியும் இழைப்புளியும் ஏந்திய கரங்களை அதில் தேடுவதில்லை. ஆயினும் நம் மார்க்க மரபில் தச்சுத்தொழில் தாழ்வாகக் கருதப்பட்டதன்று. நபி நூஹ் (அலை) அவர்கள் இறைக்கட்டளைப்படி கப்பல் கட்டினார்கள். நபி ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நின்று உரையாற்றிய மிம்பரை அமைத்தவரும் அன்ஸாரிப் பெண்மணி ஒருவரின் பணியாளரான தச்சரே. மதீனாவை அடுத்த காட்டின் தர்ஃபா மரத்தால் ஆன அந்த மிம்பருக்கு மூன்றே படிகள்.

அம்மூன்று படிகளிலிருந்தே மிம்பர்க் கலை வளர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் தூனிசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில் தேக்கு மரத்தால் அமைக்கப்பட்ட மிம்பர் இன்றும் நிலைத்திருக்கிறது. எனினும், நம் உள்ளத்தை மிகவும் தொடுவது மஸ்ஜிதுல் அக்ஸாவின் மிம்பரே.

பைத்துல் முகத்தஸ் 1099 முதல் சிலுவைப் போராளிகளின் வசம் இருந்தது. அது மீட்கப்படும் நாளுக்கென்றே சுல்தான் நூருத்தீன் ஸங்கி (ரஹ்) 1168-69-இல் அலெப்போவின் தச்சர்களைக் கொண்டு ஒரு மிம்பரைச் செய்வித்தார். சல்மான் இப்னு மஆலி முதலிய தச்சர்கள் தம் பெயர்களை அதில் பொறித்தனர். 1174-இல் நூருத்தீன் மறைந்தார். 1187-இல் நகரை மீட்ட சுல்தான் ஸலாஹுத்தீன் (ரஹ்) அந்த மிம்பரை வரவழைத்து அக்ஸாவில் நிறுவினார். செய்வித்தவர் அதனை அங்கே காணவில்லை. ஆனால் வேலை ஏறத்தாழ இருபதாண்டுகள் கழித்தும் குறையின்றி நின்றது.

அவ்வுறுதிக்குக் காரணம் என்ன? மரம் அறுக்கப்பட்ட பின்னும் அசைகிறது. ஈரக்காற்றில் அகலவாட்டில் உப்புகிறது. வறண்ட காற்றில் சுருங்குகிறது. அகன்ற பலகையை ஆணியடித்து இறுக்கினால் அது வெடிக்கும். ஆகவே அத்தச்சர்கள் பரப்பைச் சிறு சிறு விண்மீன்களாகவும் பலகோணங்களாகவும் பிரித்தனர். ஒவ்வொரு துண்டும் காடியிட்ட சட்டங்களுக்குள் நாக்கு பொருந்த அமர்ந்தது. சட்டங்கள் துளையும் கழுந்துமாகப் பிணைந்தன. துண்டுகள் தத்தம் இடத்திலேயே சற்று அசைய இடமிருந்ததால் முழுப் பரப்பும் வளையாமல் நின்றது. பெரிய பலகைகள் அரிதான நாடுகளில் சிறு துண்டுகளும் வீணாகவில்லை.

இதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. ஒரு கோணம் மயிரளவு பிசகினால் அப்பிழை அடுத்தடுத்த துண்டுகளில் பெருகிவிடும். தச்சனுக்கு வடிவியல் இன்றியமையாதது என இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் எழுதியதும், யூக்ளிடையே ஒரு தச்சராகக் குறிப்பிட்டதும் இதனால்தான்.

1969 ஆகஸ்ட் 21 அன்று அக்ஸாவில் வைக்கப்பட்ட தீயில் அந்த மிம்பர் எரிந்தது. சில துண்டுகளே எஞ்சின. அதனை மீண்டும் செய்ய முற்பட்டபோதுதான், இழந்தது மரம் மட்டுமன்று, அறிவும் என்பது நமக்கு விளங்கிற்று. எஞ்சிய துண்டுகளையும் பழைய ஒளிப்படங்களையும் கொண்டு அதன் வடிவியலைக் கண்டறிய வேண்டியிருந்தது. துருக்கி, இந்தோனேசியா, ஜோர்தான் முதலிய நாடுகளின் கைவினைஞர்கள் ஜோர்தானில் கூடி, 16,000-க்கும் மேற்பட்ட துண்டுகளை ஆணியோ பசையோ இன்றி இணைத்தனர். புதிய மிம்பர் 2007-இல் அக்ஸாவை அடைந்தது. மூல மிம்பர் காத்திருந்ததைப் போல் இருமடங்கு காலம் அவ்விடம் அதற்காகக் காத்திருந்தது.

ஒரு தலைமுறை கற்பிக்கத் தவறினால், அடுத்த தலைமுறை சாம்பலைக் கிளறித்தான் கற்க வேண்டும். இன்று நம் வீடுகளில் ஓர் உளியும் ரம்பமும் மூலைமட்டமும் வைத்து விடுமுறை நாள்களில் அலமாரியோ ரைஹாலோ செய்து பார்ப்போர் பலர். அவர்களுக்கும் அலெப்போவின் தச்சர்கள் சொல்வது இதுவே: நன்கு உலர்ந்த மரத்தையே எடுங்கள். வெட்டுமுன் முழு அளவில் வரையுங்கள். உளியை அடிக்கடி தீட்டுங்கள். மழுங்கிய உளியே கூடுதல் விசை கேட்டு வழுக்கிக் கையைக் கிழிக்கும். இரு கைகளும் உளியின் வாய்க்குப் பின்னாலேயே இருக்கட்டும். மூட்டுகளைப் பசையின்றி ஒருமுறை பொருத்திப் பாருங்கள். கதவின் நடுப்பலகையைக் காடியில் ஒட்டிவிடாமல் அசைய விடுங்கள்.

அருகில் ஒரு பிள்ளையை நிறுத்தி, ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். கைத்தொழிலும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதமே.