பாட அட்டவணையும் ஒரு தொலைக்காட்சியும்



பல்லாண்டுகள் தலைமையாசிரியனாகப் பணியாற்றியவன் நான். ஒரு பள்ளி எதை மதிக்கிறது என்பதை அறிய, அதன் பாட அட்டவணையைத்தான் முதலில் பார்ப்பேன். எதற்கு எந்த நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது என்பதே அதன் உள்ளத்தைக் காட்டிவிடும். தொலைக்காட்சிக்கும் இவ்வளவுகோல் பொருந்தும் என்பதற்குப் பிரிட்டனின் பி.பி.சி. இரண்டாம் அலைவரிசை நல்ல சான்று.

1955-இல் விளம்பர வருவாயைக் கொண்டு இயங்கும் தொலைக்காட்சி அந்நாட்டில் தோன்றி, பி.பி.சி.யோடு போட்டியிடத் தொடங்கியது. 1962-இல் பில்கிங்டன் குழு, பி.பி.சி.க்கு இன்னோர் அலைவரிசை வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அது 1964 ஏப்ரல் 20 அன்று தொடங்க இருந்தது. அன்றிரவு பாட்டர்சீ மின்நிலையத்தில் தீப்பிடித்து மின்சாரம் தடைப்பட, தொடக்க விழா நின்றுபோயிற்று. மறுநாள் காலை 11 மணிக்குச் சிறுவர்க்கான 'பிளே ஸ்கூல்' ஒளிபரப்பாயிற்று. இவ்வாறு குழந்தைகளின் நிகழ்ச்சியே அவ்வலைவரிசையின் முதல் நிகழ்ச்சி என்னும் பெருமையைப் பெற்றது.

தொடக்கத்தில் ஒவ்வோர் இரவையும் ஒரு துறைக்கே ஒதுக்கினர். செவ்வாய்க்கிழமை கல்விக்கு உரியதாயிற்று. இத்திட்டம் சில திங்களிலேயே கைவிடப்பட்டது. காரணம் எளிது. நாள் முழுவதும் கணக்கையே கற்பிக்கும் வகுப்பில் எத்தனை மாணவர் விழித்திருப்பர்? அத்துறையை விரும்பாதவர்க்கு அன்றிரவு அங்கே எதுவும் இல்லை.

1965-இல் டேவிட் அட்டன்பரோ பொறுப்பேற்றார். முதல் அலைவரிசை ஒன்றைத் தரும் வேளையில், இரண்டாவது அதினின்றும் வேறுபட்டதைத் தரவேண்டும் என்பதே அவர் போற்றிய நெறி. 1967 ஜூலை 1 அன்று விம்பிள்டன் டென்னிஸ் ஆட்டத்தோடு வண்ண ஒளிபரப்புத் தொடங்கியது. வண்ணத்தை வெறும் கேளிக்கைக்கு மட்டும் அவர் பயன்படுத்தவில்லை. ஐரோப்பியக் கலை வரலாற்றைக் கென்னத் கிளார்க் விளக்கிய 'சிவிலைசேஷன்' என்னும் 13 பகுதித் தொடர் 1969-இல் வந்தது. அருங்காட்சியகத்தின் வாயிலை மிதித்தறியாதவரும் தம் வீட்டிலிருந்தே ஓவியங்களைக் கண்டனர்.

1971 முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடங்களும் அங்கே இடம்பெற்றன. அப்பல்கலைக்கழகத்தில் சேர முன்தகுதி தேவையில்லை. பகலில் உழைத்தவர் அதிகாலையிலும் நள்ளிரவிலும் அப்பாடங்களைக் கண்டு பட்டம் பெற்றனர். 2006 வரை இப்பணி நீடித்தது.

'சிலர் பார்ப்பதற்குப் பலர் கட்டணம் செலுத்துவது முறையா?' என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பி.பி.சி.யை நடத்துவது மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணம். பலர் விரும்புவதை வணிகர் தாமே தருவர். அதில் ஆதாயம் உண்டு. சிலர்க்கு மட்டும் வேண்டியதைப் பொதுப்பணம் தராவிடில் வேறு யார் தருவார்? மேலும், இன்று சிலராய் இருப்போர் என்றும் சிலராகவே இருப்பதில்லை. 1967-இல் சிறிய இரண்டாம் அலைவரிசையில் தொடங்கிய 'ஃபோர்சைட் சாகா' என்னும் 26 பகுதி நாடகம், மறு ஆண்டு முதல் அலைவரிசையில் வந்தபோது நாடே அதைக் கண்டது.

நல்ல அட்டவணை, நாம் விரும்புவதைத் தருவதோடு, நாம் விரும்பக்கூடும் என்று நாமே அறியாததற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கும். உங்கள் நாளின் அட்டவணையை வகுப்பவர் நீங்களே. அதிலும் அத்தகைய ஒரு மணி நேரம் இருக்கட்டும்.